கிரைண்டர் இலவசம்

சமூக வலைத்தளங்களைப் பற்றி என் கணவருக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான் இருந்தது. "வேலையத்தவன் கூடுற இடம்." காலை டிபனின்போது சொல்வார். நானோ மகளோ போனைக் கையில் எடுத்தால் மறுபடியும் சொல்வார். அவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதுகிறவர். மேலதிகாரி கையெழுத்து இல்லாமல் ஒருவர் தன் மனதில் பட்டதை ஊருக்கே சொல்லிவிட முடியும் என்பது அவருக்கு ஒழுக்கக் கேடாகவே பட்டது.

டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்கள் பால்கனியில் ஒரு பெரிய கிரைண்டர் நின்றுகொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் மதுரையிலிருந்து ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தது. இடுப்பு உயரத்துக்கு எவர்சில்வர் பெட்டி, உள்ளே கல் தொட்டி, அதற்குள் குழவி. நாத்தனார் எனக்கு மேஜைமேல் வைக்கிற சின்ன கிரைண்டர் வாங்கிக் கொடுத்த பிறகு, பெரியதன் மேல் துணி கிளிப் டப்பாவை வைத்திருந்தோம். ஓட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. பழைய சாமான் வாங்குகிறவரைக் கூப்பிட்டபோது, அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "தகட்டையும் மோட்டாரையும் எடுத்துக்கிறேன், கல்லை நீங்களே வச்சுக்குங்க" என்று ஹிந்தியில் சொன்னார். வெறும் கல்லை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? என் கணவர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மகள்தான் வழி சொன்னாள். டெல்லியிலேயே பிறந்தவள், அவள் தமிழில் பாதி ஹிந்தி.

"அப்பா, ஒரு ஷேரிங் குரூப் இருக்கு. வேண்டாத சாமான ஃப்ரீன்னு போட்டா யாராச்சும் வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. வேலை ஜல்தி முடிஞ்சிரும்."

"முன்ன பின்ன தெரியாதவனுக்கு அட்ரஸ் குடுக்கச் சொல்றியா?"

"அட்ரஸ் அப்புறம்ப்பா. இப்ப போட்டோ மட்டும்."

போட்டோவை அவள் எடுத்தாள். வாசகத்தைத் தானே எழுதுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். கோப்பு நடை ஹிந்தியில் எழுதினார்: மேற்படி இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது, உரிமையாளருக்குத் தேவைப்படாததால், தகுந்த நபருக்கு இலவசமாக வழங்க உத்தேசிக்கப்பட்டுள்ளது. என்ன இயந்திரம் என்று எழுத மறந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கேள்விகள் வந்து விழ ஆரம்பித்தன. துணியைக் காயவைத்தும் தருமா என்று முதல் ஆள் கேட்டார். இது துணி துவைப்பது இல்லை, மாவு அரைப்பது என்று இவர் பதில் போட்டார். அப்படியானால் கோதுமை அரைக்க முடியுமா என்று அடுத்தவர் கேட்டார். ஈரமாவு என்று இவர் விளக்கினார். ஈரக் கோதுமையா என்று அவர் திருப்பிக் கேட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லாமல் விடுவது மனுவைக் குப்பையில் போடுகிற மாதிரி என்று நினைத்ததால், அலுவலகம் போகிற மெட்ரோவில்கூட நின்றபடி பதில் எழுதிக்கொண்டே போனார்.

சாயங்காலம் வந்ததும் வராததுமாக என்னிடம் போனை நீட்டினார்.

"ஏய், இவனைப் பாரு. 'ஓடுதா?'ன்னான். 'ஓடுது'ன்னேன். 'அப்புறம் ஏன் சும்மா குடுக்கிற?'ன்னான். 'வீட்ல வேற ஒண்ணு இருக்கு'ன்னேன். 'சரி, உண்மையைச் சொல்லு, இதுல என்ன கோளாறு?'ங்கிறான்!"

"கோளாறு இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே! 'இவன் ஃப்ராடு, ஜாக்கிரதை'ன்னு எல்லாருக்கும் போட்டுட்டான். அதுக்குப் பதினஞ்சு பேரு கட்டைவிரலைத் தூக்கியிருக்கான். என் சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினது கிடையாது!"

தன் நேர்மையை நிரூபிக்க அவர் கண்டுபிடித்த வழி, இட்லி. என்னைப் பெரிய கிரைண்டரிலேயே அரைக்கச் சொல்லி, மறுநாள் ஆவி பறக்கிற இட்லித் தட்டோடு கிரைண்டர் பக்கத்தில் விறைப்பாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கிரைண்டரை ஒருவரும் கேட்கவில்லை. இட்லி என்ன விலை, வீட்டுக்குக் கொண்டுவந்து தருவீர்களா, சட்னி தனியா என்றுதான் விசாரித்தார்கள்.

எல்லோரும் ஓய்ந்த பிறகு, மோதி பாக் பக்கத்திலிருந்து ஒரு பஞ்சாபி அம்மாள் எழுதினார்: தயிர்வடைக்கு உளுந்து அரைக்க வேண்டும், மிக்ஸி சூடாகிவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமை வரலாமா?

ஞாயிறு காலை டெம்போக்காரரோடு வந்துவிட்டார். வாட்டசாட்டமான பெண்மணி, கணீரென்ற குரல். வந்தவரை என் கணவர் கிரைண்டரைத் தொட விடவில்லை. என்னிடம் உளுந்தை முன்கூட்டியே ஊறவைக்கச் சொல்லியிருந்தார். தண்ணீரை எப்போது தெளிக்க வேண்டும், குழவியை எப்படித் தூக்க வேண்டும், கல்லை எதால் கழுவக் கூடாது என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே போனார். டெம்போக்காரர் பால்கனி சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். அந்த அம்மாள் மெல்ல நழுவி என் சமையலறைக்குள் வந்துவிட்டார்.

"பெஹன்ஜி, வீட்லயும் இப்படித்தானா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"வீட்ல இதைவிட" என்று சொல்லி, காபியைக் கையில் கொடுத்தேன்.

ஒருவழியாகக் கிரைண்டர் டெம்போவில் ஏறிப் போனது. அன்று மாலையே குரூப்பில் அந்த அம்மாளுடைய கருத்து வந்தது. மகள் உரக்கப் படித்தாள்: "மிஷின் ஃபர்ஸ்ட் கிளாஸ். ஆன்ட்டியின் காபி அதைவிட. அங்கிள் நேர்மையானவர். ஆனால் அவரிடம் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகவும்." கீழே நான்கு நட்சத்திரம்.

"அஞ்சாவது எங்கே?" என்றார் இவர்.

"லம்பா லெக்சருக்குக் கட் பண்ணிட்டாங்கப்பா."

அவர் சிரிக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து, செயல்முறை விளக்கம் ஏன் அவசியமாயிற்று என்பதற்கு எண் போட்ட காரணங்களோடு ஒரு பதில் எழுதி, அடித்து, திருத்தி, பதிவும் செய்துவிட்டார். அந்த அம்மாள் அதன் கீழே கண்ணீர் வரச் சிரிக்கிற முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார். வேறு யாரோ ஒருத்தி, அங்கிள், என் இட்லி ஏன் கல்லாகிறது என்று கேட்டிருந்தாள். அதற்கும் பதில் எழுதினார். உளுந்து பழையதா புதியதா என்பதில் தொடங்கி, அரிசியை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்குவது வரை. மறுநாள் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். இப்போது அவருக்குப் போனைப் பார்க்காமல் டிபன் இறங்குவதில்லை. நான் எதையாவது கேட்டால், "இரு, ஒரு பொண்ணு மாவு புளிக்கலைன்னு காத்துக்கிட்டு இருக்கா" என்கிறார்.

சில வாரம் கழித்து அந்த அம்மாளிடமிருந்து போன் வந்தது. கிரைண்டர் பெல்ட் நழுவுகிறதாம். இவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பிவிட்டார். மத்தியானம் திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய தூக்குச் சட்டி இருந்தது. தயிர்வடை. மேலே புளிச் சட்னி, மாதுளை முத்து. ஒன்றை எடுத்து வாயில் போட்டதும் அவர் முகம் மாறியது.

"தயிர்ல சர்க்கரை போட்டிருக்காங்கடி."

"பிடிக்கலைன்னா வச்சிருங்க, நாங்க சாப்பிட்டுக்கிறோம்" என்றேன்.

அவர் சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, அடுத்த வடையை எடுத்தார்.