அறுபது மடங்கு தெரிந்தது, ஆறாம் நம்பர் தெரியவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை மாரிச்செல்வி தன் ரைபிள் ஜாக்கெட்டை மடித்து கிளப் அலமாரியில் வைத்தாள். "என் கண்ணு சரியில்ல போலண்ணே. இனிமே இது நமக்கு ஒத்துவராது" என்றாள்.

நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவன், உங்களுக்குத் தெரியும். மாரிச்செல்வி அதே கம்பெனியில் அசெம்பிளி லைன். கோவில்பட்டிப் பெண், இருங்காட்டுக்கோட்டையில் ரூம். ஞாயிறானால் இரண்டு பேரும் தண்டலம் பக்கத்து ரைபிள் கிளப்பில் ஆஜர். அவள் நிஜமாகவே சுடுவாள். நான்... சுடுகிறவர்களோடு டீ குடிப்பேன்.

ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும் குறி அட்டையில் குண்டு போட்ட ஓட்டை வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் ஸ்பாட்டிங் ஸ்கோப் — முக்காலியில் நிற்கும் குட்டி டெலஸ்கோப். அவளிடம் இல்லை. "நான் வாங்கிப் பார்த்துச் சொல்றேன், நீ சுடு" என்று பெரிய மனுஷனாகச் சொல்லிவிட்டேன்.

ரேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் முனுசாமி அப்போதே சொன்னார். "இன்னாத்துக்கு சார் அறுபது மடங்கு? இருபது போதும். அட்டையும் தெரியணும், மேல கீற நம்பரும் தெரியணும்."

கேட்டேனா? மைக்ரான் கணக்கில் பார்த்துப் பழகியவனுக்கு இருபது எந்த மூலைக்கு? அறுபது மடங்கு வரை போகும் ஸ்கோப்பாகப் பார்த்து வாங்கினேன். ஓட்டையின் ஓரத்துப் பிசிறுகூடத் தெரிந்தது. ஒரே பெருமை!

போன ஞாயிறுதான் மாநிலப் போட்டிக்கான தேர்வு. கிளப்பிலிருந்து ஒரு பெண்தான் போகலாம். மாரிச்செல்வி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு ஆறாம் நம்பர் அட்டை. கணக்கில் சேராத முதல் சில குண்டுகளை மட்டும் பின்னாலிருந்து பார்த்துச் சொல்லலாம். அதற்குப் பிறகு வாய் திறக்கக் கூடாது.

"இடது பக்கம் போகுதும்மா. வலது பக்கம் நாலு கிளிக் வை."

வைத்தாள். என் பேச்சை நம்பி, ரைபிளில் குறியை நகர்த்தும் திருகை நாலு சொடுக்கு திருப்பி வைத்தாள்.

முடிந்ததும் அட்டைகள் வந்தன. ஓட்டைகள் எல்லாம் நெருக்கமாக, ஒரே இடத்தில் — ஆனால் மையத்துக்கு வலது பக்கம். வாய்ப்பு வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. எனக்கு எங்கேயோ இடித்தது. ஸ்கோப்பில் கண் வைத்து மடங்கைக் குறைத்தேன். அட்டைக்கு மேலே நம்பர் தெரிந்தது.

ஏழு.

இன்ஸ்பெக்ஷன் டேபிளில் டேக் நம்பரை ஒருவர் வாசிப்பார். நான் பீஸை மட்டும் பார்த்து ஓகே சொல்வேன். இருபது வருடப் பழக்கம். ரேஞ்சிலும் ஓட்டையைத்தான் பார்த்தேன், யாருடைய ஓட்டை என்று பார்க்கவில்லை. எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று கேட்டுத்தான் எல்லோரும் ஸ்கோப் வாங்குகிறோம். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியுமா — யாராவது கேட்கிறோமா?

அவள் தன் கண்ணைக் குறை சொன்னபோது எனக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை கேன்டீனில் அவள் எதிரே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"அப்போ நான் சரியாத்தான் சுட்டேனாண்ணே?"

"ஆமாம்மா... முதல் குண்டிலிருந்தே."