மௌனப்பட இயக்குநருக்கு ஒரு மரண அறிவித்தல்

பாரிஸில், எங்கள் சனம் கடை வைத்திருக்கும் லா சப்பலில் எனக்கொரு சின்ன அச்சகம் இருக்கிறது. கலியாணக் கார்டும் அடிப்பேன், பெரியபிள்ளையானவர்களின் சாமத்திய வீட்டுக் கார்டும் அடிப்பேன். ஆனால் சனம் என்னைத் தேடி வருவது மரண அறிவித்தலுக்குத்தான். என் எழுத்தில் எவரும் பிழை பிடித்ததில்லை என்ற மண்டைக்கனம் எனக்குண்டு. கடைசியில் அதுதான் என்னைக் கவிழ்த்தது.

ஸ்டாலின்கிராட் என்ற பக்கத்து மெற்றோ ஸ்டேஷனடியில் இருக்கும் தமிழ்நாட்டு ஆராய்ச்சி மாணவர் ஒருவர் எங்கள் பகுதிப் பொதுமண்டபத்தில் மாதமொரு பழைய படம் போடுவார். பார்க்க வருவது நானும் வெறும் கதிரைகளும். மண்டபப் பொறுப்பாளரான பிரெஞ்சுப் பெண்மணிக்கு அலுத்துவிட்டது. இந்த முறையும் ஆட்கள் வராவிட்டால் இனி மண்டபம் தரமாட்டேன் என்றுவிட்டார். மாணவர் முகம் தொங்கிப்போய் என் கடைக்கு வந்தார்.

"அண்ணா, இந்த வாட்டி ஆரம்பகால அமெரிக்க டைரக்டர் ஒருத்தர். அவரே நடிப்பார், அவரே டைரக்ட் பண்ணுவார். நோட்டீஸ நீங்களே எழுதிடுங்க. உங்க தமிழ் ரொம்ப அழகு."

என் தமிழைப் புகழ்ந்தால் என் புத்தி புல் மேயப் போய்விடும். ஒரே மூச்சில் எழுதினேன். "அமெரிக்காவைப் பிறப்பிடமாகவும் ஹொலிவூட்டை வதிவிடமாகவும் கொண்டவரும், மேடை நாடகத்தில் தொடங்கி வாரமொரு படம் இயக்கி நடித்தவருமான" என்று ஆரம்பித்து, "அன்னாரின் திரைப்படம் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குக் காண்பிக்கப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்" என்று முடித்தேன். இயக்குநரின் முகத்தை முட்டைவடிவச் சட்டத்துக்குள் வைத்தேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கை பழகிய வழியில் போய்விட்டது. மாணவருக்கோ எங்கள் மரண அறிவித்தல் நடை தெரியாது. "செம கிளாசிக்கா இருக்குண்ணா!" என்று அள்ளிக்கொண்டு போனார். கடைக்காரர்கள் அதை மரண அறிவித்தல்கள் ஒட்டும் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. வெள்ளைச் சேலைகள், வெள்ளைச் சேர்ட்டுகள். வாசலில் நின்ற பிரெஞ்சுப் பெண்மணியின் கையை ஒவ்வொருவராகப் பிடித்து, தலை குனிந்து, உள்ளே போனார்கள். தமிழர்கள் எவ்வளவு மரியாதையானவர்கள் என்று அவர் என்னிடம் வியந்தார்.

எபினேயில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் என் காதருகே வந்தார். "பாவம், வாசலிலை நிக்கிற அந்தத் தாய் மனிசி. செத்தவர் எங்கடை சனத்திலை ஆற்றை மருமகன் அண்ணை? நோயாக் கிடந்தவரோ?"

ஐயோ! நான் அடித்தது அசல் மரண அறிவித்தல் என்று அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொன்னால் சனம் எழும்பிப் போய்விடும், மண்டபமும் போய்விடும். கதிரை எடுக்கப் போவதுபோல ஒரு மூலையில் ஒடுங்கினேன்.

படம் ஓடியது. அன்னார் ஏணியிலிருந்து மாத்தொட்டிக்குள் விழுந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. செத்தவீட்டில் எப்படிச் சிரிப்பது? எழும்பி மறுபடி விழுந்தார். முன்வரிசையில் ஒரு பெண்ணின் தோள் குலுங்கியது. அழுகிறாவாக்கும் என்று பக்கத்தில் இருந்தவ முதுகைத் தடவப்போய், அவவும் குலுங்கத் தொடங்கினா. மூன்றாம் முறை விழுந்தபோது மண்டபமே வெடித்துச் சிரித்தது.

விளக்குப் போட்டதும் மாணவர் எழுந்து பேசினார். "பேசும் படம் வந்ததும் இவருக்கு வேலையே இல்லாம போச்சு. மத்தவங்க படத்துல வாட்ச்மேனா நின்னார். நம்மள்ல யாருமே பிறக்கறதுக்கு முன்னாடி ஒரு வாடகை ரூம்ல செத்துப்போனார். அடக்கத்துக்கு ஒருத்தர்கூட வரல."

அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. இன்றோடு என் அச்சகத்துக்குப் பூட்டுத்தான் என்று நினைத்தேன். திரான்சியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அம்மா ஒருவர் எழும்பினார். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு மாணவரிடம் திரும்பினார்.

"ஒருத்தருமே போகேல்லையோ?"

"இல்லைங்க."

"அப்ப முப்பத்தொண்டும் செய்திருக்க மாட்டினம்." மூக்கைத் துடைத்தார். "எப்ப வைக்கிறியள்? நாங்கள் வாறம்."

ஓம், ஓம் என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. மாணவர் திருதிருவென்று விழித்தார். அந்த அம்மா என்ன கேட்கிறார் என்று பிரெஞ்சுப் பெண்மணி என்னிடம் விசாரித்தார். செத்தவருக்குச் செய்யும் முப்பத்தோராம் நாள் கிரியையை நான் எந்தப் பிரெஞ்சில் விளக்குவது?

"அடுத்த படம் எப்போது என்று கேட்கிறார், மதாம்" என்றேன்.

அவர் மண்டபப் பதிவுக் கொப்பியைத் திறந்து, அடுத்த மாதத்து ஞாயிறு ஒன்றில் எங்கள் பெயரை எழுதினார்.