எலாடியோவின் கூவல்

எலாடியோவுக்குப் பனாமா நகரத்தில் பஞ்சர் கடை. பின்னால் குவிந்து கிடக்கும் பழைய லாரி டயர்களில் மழைத் தண்ணீர் தேங்கும். பொழுது சாய்ந்தால் கட்டைவிரல் அளவுத் தவளைகள் அதில் உட்கார்ந்து பெண் தேடும்.

அவர் ஊர்க்காட்டுத் தவளைக்கு, சத்தம் கேட்டு வந்து தூக்கிக்கொண்டு போகும் வௌவால் பயம். ஒரு முனகலோடு நிறுத்திக்கொள்ளும். நகரத்துத் தவளைக்கு அந்தக் கவலை இல்லை. முனகிவிட்டுக் கூடவே ‘சக், சக், சக்’ என்று தாளமும் போடும். எத்தனை பஸ் ஹார்ன் அடித்தாலும் பெண் தவளை தேடி வந்துவிடும். பார்க்கப் பார்க்க எலாடியோவுக்கு வயிற்றெரிச்சல்.

காரணம், எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் இஸ்மேனியா. எலாடியோவின் ஊரில் வயலுக்கு வயல் நீட்டிக் கூவுவார்கள், சலோமா என்று பெயர். பிடித்தவளைப் பார்த்துக் கூவினால் அவள் பதிலுக்குக் கூவ வேண்டும். அதற்குமுன் அவள் பக்கம் போகிறவன் மானங்கெட்டவன். இவரும் மழைக்காலம் முழுக்கக் கூவிப் பார்த்தார். பதிலே இல்லை. அதற்குள் அவள் கடையை மூடிவிட்டு அக்கா ஊருக்கே போகப்போகிறாள் என்று பேச்சு அடிபட்டது.

மனிதர் தவளையைக் குருவாக ஏற்றார். லாரி டயருக்குள் தலையை விட்டு, கடைசியில் மூன்று ‘சக்’ சேர்த்துக் கூவினார். தெருவே அதிர்ந்தது.

இஸ்மேனியா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

“என்னங்க ஆச்சு? பஞ்சர் ஒட்ட இப்படியா விளம்பரம் பண்ணுவாங்க?”

“விளம்பரமா?”

“பின்ன? தினமும்தான் கேக்கறேனே.”

எலாடியோ தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

“அட மனுஷா! நான் இங்கயே பொறந்தவ. யாரு கத்தினாலும் எதையோ விக்கறாங்கன்னுதான் எங்களுக்குத் தோணும். ரோட்டைத் தாண்டி வந்து ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க பதில் குடுக்காம எப்படி வர்றது?”

அவள் விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாள். சோலி முடிந்தது என்று எலாடியோ டயர்மேலேயே உட்கார்ந்துவிட்டார். பாவம், அழாத குறை.

அப்போது எதிர்ப்பக்கமிருந்து ஒரு குரல் எழுந்தது. பஸ் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே வியாபாரம் செய்து பழகிய குரல்.

“எலாடியோ! நான் எங்கயும் போகல. சோறு ஆறுது, வாங்க!”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பதில் வந்தால் உடனே மறுபடி கூவ வேண்டும், அதுதான் முறை. எலாடியோ வாயைத் திறந்தார். சத்தமே வரவில்லை.