பூச்சி படுத்திருந்த பலகையில் ஒரு பேஸ் கிட்டார்

பூச்சி இன்று காலை போய்விட்டாள்.

என் ப்ரொஃபைல் படத்தில் கால்மாட்டில் படுத்திருக்கும் செவலை நாய். குட்டியாக, வீட்டை ஒட்டிய எங்கள் விசைத்தறி ஷெட்டுக்கு வந்து ஒண்டியவள்... கச்சேரிக்கு வரும் நண்பர்களில் பாதிப் பேர் என்னை விசாரிக்க மாட்டார்கள், அவளைத்தான் விசாரிப்பார்கள். தனித்தனியாகச் சொல்லத் தெம்பில்லை. அதனால் இங்கே.

பலருக்குத் தெரியாது. பூச்சிக்குக் காது கேட்காது.

எனக்கே ரொம்ப நாள் தெரியாது. ஆடித் தபசுக்கு வெடி போடும்போது தெரு நாயெல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும், இவள் மட்டும் தூங்குவாள். நானோ ஸ்டேஜ் ஏறுவதற்கு முன் பத்துத் தடவை பாத்ரூம் போகிற ஆள். "என் நாய்க்குப் பயமே கிடையாது" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒருநாள் ராஜபாளையம் ரோட்டில் ஒரு லாரி ஹாரனை அமுக்கிக்கொண்டே வருகிறது. இவள் நடுரோட்டில் உட்கார்ந்து நிதானமாகக் கழுத்தைச் சொறிகிறாள். ஓடிப்போய்த் தூக்கினேன்... அன்றைக்குப் பிடித்த பயம். அதற்குப் பிறகு கேட் திறந்து கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அவளுக்கும் ஒரே ஒரு பயம் உண்டு. கரண்ட் போவது.

தறி ஓடினால் தரை அதிரும். அந்த அதிர்விலேயே வளர்ந்தவள். ஷெட்டில் கிடந்த ஒரு பழைய வேப்பம்பலகைதான் அவள் படுக்கை. தறி நின்றதும் திடுக்கிட்டு எழுந்து எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள்.

தறி ஓடாத நாட்களில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை வீட்டுத் தரையில் வைத்து, பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை மட்டும் மீட்டுவேன். பின்கட்டு மூலையில் கிடந்தாலும் எழுந்து வந்து ஆம்ப் மேல் தாடையை வைத்துக்கொள்வாள். பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத நாயை நான் கூப்பிட்ட விதம் அதுதான்.

மழைக்காலம் முடியும்போது டாக்டர் சொன்னார். "வயசாயிட்டு. கிட்னி ரெண்டும் போயிட்டு. வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கிடுங்க."

அவள் இருக்கும்போதே அவளுக்காக ஒரு பேஸ் கிட்டார் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதை அவள் ஒரு தடவையாவது உணர வேண்டும். கழுத்து, கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப், கம்பி முறுக்கும் சாவியெல்லாம் என் பழைய கிட்டாரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உடம்புக்கு மரம்? அவள் படுத்த பலகையேதான். என்ன அருமையான யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆசாரி அண்ணாச்சி பலகையைத் தூக்கிப் பார்த்தார். "வேம்பு வே இது. கனம் கனக்கும். கழுத்துல மாட்டிக்கிட்டு நின்னீருன்னா தோள்பட்டை எறங்கிரும். அறுத்துட்டா ஒட்ட முடியாது, யோசிச்சுக்கிடும்."

அறுக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் பூச்சி படுக்கவில்லை. பலகை கிடந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறாள். சாக்கு விரித்தேன், என் தலையணையைப் போட்டேன்... மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிற்கத் தெம்பில்லாத நாய், படுக்க இடமில்லாமல் நிற்கிறது.

"நாய்க்கு மரியாதை பண்ணுதேன்னு சொல்லி அது படுக்கையையே உருவிட்டு வந்திருக்கிய. நல்லா இருக்கு உங்க பாசம்" என்றாள் செல்வி, என் மனைவி.

அறுத்தது போக மிஞ்சிய துண்டுகளை அண்ணாச்சியிடம் வாங்கிவந்து வரிசையாக வைத்தேன். அதன் மேல் தலையை மட்டும் வைத்துப் படுத்தாள்.

அப்புறம் எனக்கு எல்லாமே பயம்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் மரத்தைத் தேய்த்தேன். உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு அவள் வயிற்றைப் பார்ப்பேன். ஏறி இறங்குகிறதா... இறங்குகிறது. மறுபடி தேய்ப்பேன். வார்னிஷ் வேண்டாம், வழவழப்பு வேண்டாம், முடிந்தால் போதும் சாமி என்று கும்பிட்டுக்கொண்டே வேலை பார்த்தேன்.

நேற்று சாயங்காலம் தடித்த கம்பியை மட்டும் மாட்டினேன். மற்ற மூன்றுக்கும் பொறுமை இல்லை. கிட்டாரை அவள் முன்னால் தரையில் மல்லாக்க வைத்து ஆம்பை ஆன் செய்தேன்.

கை போகவில்லை. மீட்டி, அவள் அசையாவிட்டால்?

"என்ன பாத்துக்கிட்டே இருக்கிய. மீட்டுங்க."

"பயமா இருக்கு செல்வி."

"உங்களுக்கு எதுதான் பயமில்ல. அங்கன தள்ளி உக்காருங்க."

கிட்டாரைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவள் கட்டைவிரலால் கம்பியை இழுத்துவிட்டாள். அபஸ்வரம்தான். நான் ட்யூன் செய்திருக்கவில்லை.

பூச்சி கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, தாடையை அந்த மரத்தின் மேல் கொண்டுவந்து வைத்தாள். வால் ஒரு தடவை தரையில் தட்டியது. விரல் சிவக்கும்வரை செல்வி மீட்டிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

காலையில் அதே இடத்தில்தான் இருந்தாள். உடம்பு குளிர்ந்திருந்தது.

வீட்டுக்குப் பின்னால், சுவரை ஒட்டிப் புதைத்திருக்கிறோம். அடுத்த வாரம் ராயகிரியில் கோயில் கொடைக் கச்சேரி. "அந்த கிட்டாரோட வாங்கண்ணே" என்று ட்ரூப்பில் சொல்கிறார்கள். மற்ற கம்பிகள் கவர் பிரிக்காமல் கிடக்கின்றன. வீட்டில் ஆம்பை ஆன் செய்யவே பயமாக இருக்கிறது.

சுவருக்கு அந்தப்பக்கம்தானே படுத்திருக்கிறாய் பூச்சி... தடித்த கம்பியைத் தொட்டேன் என்றால் எழுந்து வரப் பார்ப்பாய். மண்ணுக்குள் வழி தெரியாமல் திண்டாடுவாய்.

தொடமாட்டேன். தூங்கு தாயி.