கடலில் யாரும் இல்லை

வானிலை நிலையத்தின் காற்று எச்சரிக்கை வந்ததும் அலுவலகத்தில் செயலியின் திரையைப் பார்த்தேன். "கடலில் யாரும் இல்லை" என்றிருந்தது. அன்று காலை அண்ணனின் படகு குருநகர்க் கரையை விட்டுப் போனதை நானே பார்த்திருந்தேன்.

மீனவர் சங்கம் ஒன்றுக்காக நாங்கள் செய்த செயலிக்கு அதுதான் முதல் நாள். படகேறுபவர் போனில் 'போறன்' பட்டனை அழுத்த வேண்டும், திரும்பும்போது 'வாறன்'. கடைசியாக அழுத்தியது 'போறன்' என்றிருப்பவர்கள் யார் என்று தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை நான் ஒரே இடத்தில் எழுதி, 'கடலில்' என்று பெயர் வைத்திருந்தேன். ஒரே கேள்வியைப் பத்து இடத்தில் எழுதுபவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். எந்த இறங்குதுறை, எந்தப் படகு என்பதையும் அதோடு கோத்துக் கேட்கலாம். சங்கத்தின் திரையும் எச்சரிக்கையும் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டன. அதில் பிழை என்றால் எல்லாவற்றிலும் பிழை.

செயலியிலிருந்து எச்சரிக்கை போனால் எஞ்சின் சத்தத்தையும் மீறிப் போன் அலறும். அது ஒருவருக்கும் போகவில்லை. நான் எடுத்த சாதாரண அழைப்பு அண்ணனுக்குக் கேட்கவில்லை.

"ஒருத்தரும் பட்டனை அமத்தேல்லைப் போல. சனத்துக்குப் பழக்கமில்லை," என்றான் பக்கத்து மேசைக்காரன்; கடலில்லாத உரும்பிராய் ஊரவன். பட்டன்களுக்குப் பெயர் வைத்தவன் அவன்தான். அவனை அறையலாம் போலிருந்தது. அண்ணிக்கு அழைத்தேன்.

"அண்ணி, அண்ணை பட்டனை அமத்தினவரோ?"

"ஓம், எனக்கு முன்னாலைதான் அமத்தினவர். வாறன் எண்டதை."

"போறன் எண்டதையெல்லோ அமத்த வேணும்!"

"கடலுக்கு இறங்கிற மனுசன் போறன் எண்டு சொல்லுவாரோ? உனக்கென்ன விசரோ?"

கரை முழுக்க அப்படித்தான் அழுத்தியிருக்கும். வீட்டுப் படியிறங்கும்போது நாங்கள் யார்தான் போறன் என்கிறோம்? கணினி மட்டும் எல்லாரும் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டது.

நான் 'கடலில்' கேள்வியைத் திறந்தேன்.

"உதிலை கை வைச்சால் எல்லா இடமும் மாறும். யோசிச்சுச் செய்யும்," என்றான் அவன்.

"மாறத்தானே வேணும்!" என்று கத்திவிட்டேன்.

இன்று எந்தப் பட்டனை அழுத்தியிருந்தாலும் அவர் கடலில் இருப்பவர்தான் என்று எழுதினேன். கரையில் நிற்பவனின் போனும் அலறினால் அலறட்டும். அவசரத்தில் அந்த ஒற்றை வரியை இரண்டு தரம் பிழையாகத் தட்டினேன். கடைசியில் திரை நிரம்பியது. அண்ணனின் படகும் அதில் இருந்தது. எச்சரிக்கையை அனுப்பினேன்.

அதன்பிறகு செய்ய ஒன்றுமில்லை. காற்று யன்னல் கதவை அடித்துச் சாத்தியது. எழுந்துபோய்க் கொளுவிவிட்டு வந்தேன். அப்போதுதான் போன் அடித்தது.

"என்னடி, போன் பேய் மாதிரிக் கத்துது?" பின்னால் எஞ்சின் சத்தம்.

"திரும்பண்ணை! பெருங்காத்து வருதாம்."

"திருப்பியாச்சு. மற்றப் படகுகளும் திருப்பீட்டாங்கள்." பிறகு கேட்டான்: "வாறன் எண்டதைக் காலமையே அமத்திப்போட்டன். இனிக் கரையிலை ஏறினால் எதையடி அமத்திறது?"

"நீ ஒண்டையும் அமத்த வேண்டாம். வந்து சேர்," என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.