வேர்வைப் பாம்பு

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பேச்சிராஜ் பாம்பு விற்பான். கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசான பிளாஸ்டிக்கில் வெட்டிய சிவப்புப் பாம்பு. உள்ளங்கையில் வைத்தால் போதும், தானாகத் தலையைத் தூக்கும், நெளியும், சுருண்டுகொள்ளும். மற்ற ஊர்த் திருவிழாக்களில் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாகருக்கு நேர்ந்துகொள்ளும் சங்கரன்கோவிலிலோ கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதைப் பார்த்தாலே அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"சாமியுமில்ல, பூதமுமில்ல வே! கை வேர்வைக்கு ஆடுது. வெறும் பிளாஸ்டிக்கு!" என்று தொண்டை கிழியக் கத்துவான். யார் கேட்டார்கள்?

இந்த வருஷம், பனவடலிசத்திரத்திலிருந்து வந்த இசக்கியம்மாளின் கையில் பாம்பு செத்ததுபோலக் கிடந்தது. களை வெட்டிக் காய்த்துப்போன கை. "நான் என்ன குத்தம் செஞ்சேனோ" என்று அவள் முகம் வாடிவிட்டது.

"குத்தமாவது, மண்ணாவது! எக்கா, இங்கன பாருங்க." பேச்சிராஜ் தன் கையை விரித்தான். பல வருஷம் தறி ஓட்டிக் காய்ப்பேறிய கை. "எனக்கும் இது ஒருநாளும் ஆடுனதில்ல. காய்ச்ச தோலுல ஈரம் ஏது? மணிக்கட்டுல வச்சுப் பாருங்க."

அந்த யோசனை அவனுக்கே அப்போதுதான் வந்தது. அவள் வைத்தாள். பாம்பு மெல்ல நெளிந்தது. இசக்கியம்மாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, சிரித்த முகமாகக் கோயிலுக்குள் போனாள்.

கூட்டம் குறைந்ததும் பேச்சிராஜ் ஒரு பாம்பை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்தான். அது அசைந்தது. நெளிந்தது. தலையைத் தூக்கி அவனையே பார்த்தது.

"வெறும் பிளாஸ்டிக்கு" என்று வாய் முணுமுணுத்தது. அதற்குள் மற்றக் கை கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தது.