இடது கண்

எல்லோரும் சிடி வாங்கிக்கொண்டிருந்த இரண்டாயிரங்களில், ஜெர்மனியின் எசன் நகருக்கு வெளியே ஓர் இசைத்தட்டுத் தொழிற்சாலையில் நான் தட்டுகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே மாதிரித் தட்டுகளைக் கேட்டுச் சோதிப்பவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர். ஹெட்போன் அழுத்தியே உச்சந்தலையில் முடி தேய்ந்திருந்தது. கரகரப்புக் கேட்டால் இடது கண்ணை மட்டும் மூடுவார். அந்த மாதிரி குப்பைக்குப் போய்விடும்.

ஒரு வருடம் இங்கிலாந்து ராக் குழு ஒன்றின் புது ஆல்பம் எங்களிடம் வந்தது. அதற்கு முன்னோட்டமாக மூன்று சிங்கிள்கள், அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டுகள். முதல் இரண்டும் தேறின. மூன்றாவது தொடங்கியதுமே அவர் கண் மூடிக்கொண்டது. மறுபடி அச்சடித்தார்கள், மறுபடியும் மூடினார். மூன்று நாள் வேலை நின்ற பிறகு சூப்பர்வைசர் லண்டனுக்கு ஃபோன் செய்தார். பழைய தட்டுப் போல ஒலிக்கட்டும் என்று குழுவே சேர்த்த கரகரப்பாம். தொழிற்சாலையே சிரித்தது.

"ஆரும் வேணுமெண்டு பழுதாக்குவினமோ, தங்கச்சி?" என்று யாழ்ப்பாணத்துக்காரர் என்னிடம் கேட்டார்.

"அதுதான் ஸ்டைல், அண்ணா" என்றேன்.

அடுத்த மாதம் ஆல்பத்தின் மாதிரியை ஒரே தடவையில் சரி என்றுவிட்டார். எல்லாத் தட்டுகளும் அப்படியே அச்சாகிக் கடைக்குப் போயின. நான் வாங்கிய தட்டில் நான்காவது பாட்டு கரகரத்தது. சிடியில் அந்தக் கரகரப்பு இல்லை. அவரிடமே கேட்டேன்.

"ஓம், கேட்டது. ஸ்டைலெண்டு விட்டிட்டன்" என்று சொல்லி இடது கண்ணை மூடினார்.

அப்போது அவர் காதில் ஹெட்போன் இல்லை.